ஸ்டெப்னி இல்லாத வண்டி

போன ஐப்பசியில் என் தங்கையைக் கொல்லிமலைக்கு அழைத்துப் போனோம். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட நாளிலிருந்தே, அறப்பளீஸ்வரரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பேருந்தில் உட்கார்ந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்க அவள் உடம்பு தாங்காது. அவள் மகன் பெரிய வெளிநாட்டு வண்டி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தான். எஸ்.யூ.வி. என்கிறார்களே, அந்த வகை. என்ன வண்டி என்று பெயர் சொல்லப் போவதில்லை. அதன் மேல் எனக்குப் புகார் ஒன்றும் கிடையாது.

காரவள்ளியில் மலை ஏறத் தொடங்கும்போது தங்கை வளைவுகளை எண்ண ஆரம்பித்தாள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கிறது, எண்ண வேண்டியதில்லை என்று சொன்னேன். அப்படியும் எண்ணினாள். தரிசனம் நன்றாக நடந்தது. ஆகாய கங்கைக்குப் படி இறங்க வேண்டாம் என்று மேலேயே உட்கார வைத்துவிட்டோம். சோளக்காட்டில் கொஞ்சம் மிளகும் ஒரு அன்னாசிப் பழமும் வாங்கிக்கொண்டு, செம்மேட்டில் காபி குடித்துவிட்டுக் கிளம்பியபோது மணி ஐந்தேகால். அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்பியிருக்க வேண்டும். ஐப்பசியில் ஆறு மணிக்கே இருட்டிவிடும்.

நாற்பத்து மூன்றாவது வளைவில் ஒரு பேருந்து ஏறி வந்தது. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. மாப்பிள்ளை ஒழுங்காகத்தான் இடது பக்கம் ஒதுங்கினான். பின்சக்கரம் தார் ஓரத்தை விட்டு இறங்கி ஒரு கல்லில் உரசியது. பெரிய சத்தம் எதுவும் இல்லை. பத்தடி தள்ளி வந்ததும் முன்பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது. கொஞ்சம் அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி இறங்கினோம்.

இடது பின்டயரின் பக்கவாட்டில் கட்டைவிரல் நீளத்துக்குக் கிழிசல். காற்று முழுக்கப் போய்விட்டது. அது ஒட்டுப் போடுகிற இடம் இல்லை என்பது எனக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. நான் முப்பத்து மூன்று வருடம் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் டயர் பிரிவில் இருந்தவன். "சரி மாப்ளே, ஸ்டெப்னிய எறக்கு. ஜாக்கிய நான் போடறேன்" என்றேன்.

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "மாமா, இதுல ஸ்டெப்னியே கிடையாதுங்க" என்றான்.

டிக்கியின் தரைப் பலகையைத் தூக்கிக் காட்டினான். அங்கே ஒரு பேட்டரியும் ஒரு சின்னப் பையும்தான் இருந்தன. கைப்பேசியில் சிக்னல் இல்லை. தங்கை வண்டிக்குள்ளிருந்து, "அண்ணா, என்னாச்சு?" என்று கேட்டாள். ஆயிரக்கணக்கான டயர்களைக் கழற்றி மாட்டச் சொன்னவன், அந்த இடத்தில் கையில் வேலை இல்லாமல் நின்றேன்.

இந்த மலையில் துளை போடுவதற்குப் பழைய வரலாறு உண்டு. வல்வில் ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்துப் போனதாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். எங்களுக்கு ஒரு கல்லே போதுமாக இருந்தது.

மேலே போவதற்கு முன் ஸ்டெப்னி என்ற சொல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாமக்கல்காரர்கள் தினமும் நூறு முறை சொல்லும் சொல் இது. ஆனால் இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ போய் ஸ்டெப்னி என்றால் பெரும்பாலும் விழிப்பார்கள். அது ஒரு தெருவின் பெயர். வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்றொரு ஊர், அதில் ஸ்டெப்னி தெரு. 1904இல் அந்தத் தெருவில் தாமஸ் மோரிஸ் டேவிஸ் என்பவரும் அவர் சகோதரர் வால்டரும் ஒரு பொருளைச் செய்து விற்கத் தொடங்கினார்கள்.

அந்தக் காலத்துக் காரில் மாற்றுச் சக்கரம் என்பதே கிடையாது. மாட்டு வண்டிச் சக்கரம் போல மர ஆரங்கள் வைத்த சக்கரம், அச்சில் நிரந்தரமாகப் பூட்டியிருக்கும். கழற்றி மாட்டுகிற ஏற்பாடு இல்லை. பஞ்சர் என்றால் நடுரோட்டில் உட்கார்ந்து, டயரை லிவர் போட்டு நெம்பி எடுத்து, டியூபை ஒட்டி, மறுபடி மாட்டி, கையால் காற்றடிக்க வேண்டும். டேவிஸ் சகோதரர்கள் செய்தது ஆரமே இல்லாத ஒரு வளையம். அதில் காற்றடித்த டயர் ஒன்று ஏற்கெனவே மாட்டியிருக்கும். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமல் இந்த வளையத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பிடிப்புகளால் முடுக்கிவிட்டு ஓட்டிக்கொண்டு போய்விடலாம். ஸ்டெப்னி ஸ்பேர் வீல் என்று பெயர் வைத்து உலகமெங்கும் விற்றார்கள். பிறகு கழற்றி மாட்டும் சக்கரங்கள் வந்தன, அந்த வளையம் மறைந்தது. பெயர் மட்டும் இந்தியாவில் தங்கிவிட்டது. வங்காள தேசத்திலும் மால்டா தீவிலும்கூட இன்னும் இப்படித்தான் சொல்கிறார்களாம்.

காற்றடித்த டயரே அப்போது புதுசு. 1845இல் ராபர்ட் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அதற்குக் காப்புரிமை வாங்கினார், உலகம் கண்டுகொள்ளவில்லை. 1888இல் பெல்ஃபாஸ்டில் மாட்டு வைத்தியராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதையே திரும்பவும் கண்டுபிடித்தார். தாம்சனின் பழைய காப்புரிமை வெளிவந்ததும் டன்லப்பின் காப்புரிமை செல்லாமல் போயிற்று, பேர் மட்டும் நிலைத்தது. காரில் முதன்முதலாகக் காற்று டயர் போட்டுப் பந்தயம் ஓட்டியவர்கள் பிரான்சின் மிஷெலின் சகோதரர்கள். 1895, பாரிஸிலிருந்து போர்டோ போய்த் திரும்பும் பந்தயம். கொண்டுபோன 22 டியூபுகளும் வழியிலேயே தீர்ந்துபோயின என்பார்கள். ஜெயிக்கவில்லை. ஆனால் ஓட்டி முடித்தார்கள்.

காற்று வந்த நாளிலிருந்தே, காற்றுப் போனாலும் ஓட வேண்டும் என்ற ஆசையும் கூடவே வந்துவிட்டது. அந்த ஆசைதான் அன்றைக்கு நாற்பத்து மூன்றாவது வளைவில் எங்கள் வண்டிக்கு அடியில் இருந்தது. மாப்பிள்ளைக்கே அது சரியாகத் தெரியவில்லை. செல்போன் வெளிச்சத்தில் டயர் ஓரத்து எழுத்துகளைப் படித்தேன். அளவு 255/55 ஆர்18. அதற்கு அடுத்து ஆர்.எஃப்.டி. என்று மூன்று எழுத்து. ரன்பிளாட். கேள்விப்பட்டிருந்தேன், கையால் தொட்டது அன்றுதான்.

ரன்பிளாட்டின் சூட்சுமம் பெரிதாக ஒன்றும் இல்லை. சாதாரண டயரின் பக்கச்சுவர் மெல்லியது. காற்றுதான் வண்டியைத் தாங்குகிறது, ரப்பர் காற்றைப் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவே. காற்றுப் போனால் பக்கச்சுவர் மடிந்து டிஸ்க் தரையில் உட்காரும், நாலு சுற்றில் டயர் நார்நாராகிவிடும். ரன்பிளாட்டில் பக்கச்சுவருக்குள் சூடு தாங்கும் கெட்டி ரப்பரைத் தடிமனாக வைத்துக் கட்டியிருக்கிறார்கள். காற்றே இல்லாவிட்டாலும் அந்தச் சுவரே வண்டியைத் தாங்கும். ஓரக்கம்பி டிஸ்கை விட்டுக் கழன்று வராது. வழக்கமான கணக்கு, மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல் 80 கிலோமீட்டர் தூரம். வெளியிலிருந்து பார்த்தால் காற்று இல்லாததே சரியாகத் தெரியாது. அதனால் காற்றழுத்தம் குறைந்தால் விளக்குப் போடும் கருவி இல்லாத வண்டியில் இந்த டயரைப் போடக் கூடாது.

மனதுக்குள் கணக்குப் போட்டேன். மீதி மலை இறங்கி, காரவள்ளியிலிருந்து காளப்பநாயக்கன்பட்டி, சேந்தமங்கலம் வழியாக நாமக்கல் வரை எப்படியும் ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். இந்த டயரைக் கொல்வது சூடு. சுவர் மடிந்து மடிந்து நிமிரும்போது வரும் சூடு. மெதுவாகப் போனால் சூடு குறைவு, மலைக் காற்றும் குளிர்ச்சி. இறக்கத்தில் பாரம் முன்சக்கரங்களுக்குப் போகும், போனது பின்சக்கரம். ஆபத்து வளைவில்தான். வலப்பக்கம் திரும்பும் வளைவில் இடது டயர் மேல் மொத்தப் பாரமும் சாயும். "முதல் கியர்லயே வெச்சு எறக்கு மாப்ளே. வளைவுல நடக்கிற வேகம் போதும். பிரேக்க அழுத்திப் புடிக்காத" என்றேன். எவ்வளவு தைரியமாகச் சொன்னேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

நாற்பத்து இரண்டு வளைவுகள். தங்கை இப்போது இறங்குமுகமாக எண்ணினாள். இருபதுக்குக் கீழே வந்த பிறகு எண்ணுவதை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தபடி வந்தேன், நாடி பார்ப்பதற்காக என்று அவளுக்குத் தெரியாதபடி. காரவள்ளியில் இறங்கி டயரைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது, கை வைக்க முடிந்தது. ராத்திரி ஒன்பதரைக்கு வீடு வந்து சேர்ந்தோம். அந்த டயருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் படுத்தேன்.

இனிதான் வேடிக்கை. மறுநாள் அதே அளவில் ஒரு ரன்பிளாட் டயர் வாங்கக் கிளம்பினோம். எந்த ஊரில்? நாமக்கல்லில்! லாரிக்கு பாடி கட்டுகிற ஊர். சமையல் எரிவாயு டேங்கர்கள் வரிசையாக நிற்கும் ஊர். தெருவுக்குத் தெரு ரீட்ரெடிங் பட்டறை. பக்கத்துத் திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போகின்றன. டயரைத் தின்று டயரால் வாழ்கிற ஊர் என்று சொன்னால் மிகையில்லை. அந்த ஊரில் அந்த ஒரு டயர் கிடைக்கவில்லை. கடைக்காரர்களைக் குறை சொல்ல முடியாது, வருடத்துக்கு ஒன்று விற்கும் சரக்கை யார் வாங்கி அடுக்கி வைப்பார்கள்? வெளியூரில் சொல்லி வரவழைக்க ஆறு நாள் ஆகும் என்றார்கள். ஒன்பது நாள் ஆயிற்று. அதுவரை வண்டி வாசலில் ஒரு பக்கம் ஜாக்கியில் நின்றது.

இந்த ஊருக்கும் டயருக்கும் உள்ள உறவை யோசித்துப் பார்த்தால், அது காற்றுப் போன டயரை மறுபடி பிழைக்க வைக்கும் உறவு. 1946இல் கே.எம். மாமன் மாப்பிள்ளை சென்னை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் குழந்தைகளுக்கான பலூன் செய்யத் தொடங்கினார். 1952இல் ரீட்ரெடிங்குக்கான டிரெட் ரப்பர் செய்ய இறங்கினார். அதுதான் மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரி, எம்.ஆர்.எஃப். அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு கம்பெனியோடு சேர்ந்து முழு டயர் செய்தது 1961இல்தான். தேய்ந்த டயருக்குப் புதுத் தோல் போடுகிற தொழிலிலிருந்து புதுடயர்த் தொழில் வளர்ந்தது என்பதை நினைத்தால் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம், என் பிழைப்பும் அந்தப் பக்கம் என்பதால். அம்பத்தூரில் டன்லப் தொழிற்சாலை வந்தது 1959இல். என்னோடு வேலை பார்த்த பெரியவர்கள் டயர் என்று சொல்ல மாட்டார்கள், டன்லப் என்றே சொல்வார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லாம் நைலான் டயர், உள்ளே டியூப், டியூபுக்கும் டிஸ்குக்கும் நடுவே பிளாப். நல்ல டயர் என்றால் இரண்டு, மூன்று முறை ரீட்ரெட் தாங்கும். கொல்லிமலை மாதிரித் தடத்தில் ஓடும் பேருந்தின் டயரைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம், ஓரங்கள் முதலில் தேய்ந்திருக்கும். ரேடியல் டயரை மிஷெலின் 1946இலேயே காப்புரிமை செய்துவிட்டாலும் நம் லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் அது பரவலாக வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. டியூப்லெஸ் டயரை அமெரிக்காவின் குட்ரிச் கம்பெனி அறிவித்தது 1947இல். நாம் அதை நம்பத் தயங்கினோம். டியூப் இல்லாமல் காற்று எப்படி நிற்கும் என்று என்னிடமே எத்தனையோ பேர் வாதாடியிருக்கிறார்கள்.

ஒன்பது நாள் காத்திருப்பில் மாப்பிள்ளைக்குச் சலித்துவிட்டது. "நாலையும் கழட்டிப் போட்டுட்டு சாதா டயரே போட்டுர்லாமுங்க மாமா" என்றான். இதில் அவன் முதல் ஆள் இல்லை. இந்தக் கதை ஐம்பது வருடத்துக்கு முன்பே ஒருமுறை நடந்து முடிந்த கதை.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் டிங்கோ என்ற சிறு கவச வண்டியை ஓட்டியது. கிட்டத்தட்ட முழு ரப்பராலான ரன்பிளாட் டயர் போட்டிருந்ததால் அதில் ஸ்டெப்னியே வைக்கவில்லை. குண்டு பாய்ந்தாலும் ஓட வேண்டிய வண்டி, சவாரி சுகத்தைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்? வீட்டுக் காருக்கு அதைக் கொண்டுவர முயன்றது டன்லப். 1970களின் தொடக்கத்தில் டெனோவோ என்று பெயரிட்டு விற்றார்கள். காற்றுப் போனதும் டயருக்குள் இருக்கும் சிறு குப்பிகள் உடைந்து ஒரு கூழ் வெளியே வரும். அது உள்ளே வழவழப்புக் கொடுக்கும், ஓட்டையை அடைக்கும், கொஞ்சம் ஆவியாகி டயரை லேசாக உப்பவும் வைக்கும். மணிக்கு 50 மைல் வேகத்தில் 100 மைல் போகலாம் என்றார்கள். ரோவர் 3500, மினி 1275 ஜி.டி. போன்ற கார்களில் வந்தது.

கெட்டிக்கார வேலைதான். ஆனால் அதற்குத் தனி டிஸ்க் வேண்டும். சாதாரண டயர் அதில் ஏறாது. விலை அதிகம், எல்லாக் கடையிலும் கிடைக்காது, எல்லாப் பட்டறையிலும் கழற்றி மாட்டத் தெரியாது. பஞ்சராகிப் பத்திரமாக வீடு வந்தவன் மறுநாள் டயர் தேடி அலைந்தான். சில வருடங்களில் டெனோவோ கடையிலிருந்தே மறைந்தது. இன்றைக்கும் அந்தப் பழைய மினி கார்களை ஆசையாக வைத்திருப்பவர்கள் டிஸ்கோடு சேர்த்து மாற்றிவிட்டுச் சாதாரண டயர்தான் ஓட்டுகிறார்கள்.

அடுத்து மிஷெலின் பாக்ஸ் என்று ஒன்று செய்தார்கள், டயருக்குள் ஒரு தாங்கு வளையம். 2005 வாக்கில் அமெரிக்காவில் ஹோண்டாவின் ஒடிஸி வண்டியில் உயர்ரகத்துக்கு அதைப் போட்டார்கள். அதுவும் அதே கதை, தனி டிஸ்க், தனி எந்திரம், கிடைக்காத டயர். வண்டிக்காரர்கள் வழக்கே போட்டார்கள். அந்த முறையும் கைவிடப்பட்டது.

நிலைத்தது கெட்டிச்சுவர் முறை ஒன்றுதான். அதற்குத் தனி டிஸ்க் கட்டாயமில்லை, சாதாரண டயரும் அதே டிஸ்கில் உட்காரும். 1980களின் இறுதியில் போர்ஷே 959 காரில் பிரிட்ஜ்ஸ்டோன் அதைக் கொண்டுவந்தது. 1990களில் அமெரிக்காவின் கார்வெட் காரில் குட்இயர். 2000க்குப் பிறகு பி.எம்.டபிள்யூ. தன் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு ரன்பிளாட்டைப் போட ஆரம்பித்தது. 2007இல் செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் அவர்கள் தொழிற்சாலை திறந்த பிறகு, நம் ஊர்ப் பணக்காரர்களுக்கும் ஸ்டெப்னி இல்லாத வண்டி பழக்கமாயிற்று. 2020இல் மத்திய அரசே விதியைத் திருத்தியது. மூன்றரை டன்னுக்கு உட்பட்ட வண்டியில் டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தம் காட்டும் கருவியும், பஞ்சர் போடும் சாமானும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை. 1904க்கு முன்னால் இருந்த இடத்துக்கே வந்துவிட்டோம் என்று சொன்னால் மாப்பிள்ளை சிரிக்கிறான்.

அவன் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. கெட்டிச் சுவர் குழியில் விழுந்தால் மடியாது, அடி அப்படியே டிஸ்குக்கும் நம் இடுப்புக்கும் வரும். அவன் வண்டியின் அலாய் வீலில் ஒன்று ஏற்கெனவே நெளிந்து ஒக்கிட்டிருந்தது. வருடத்தில் முந்நூற்று அறுபது நாளும் அவன் ஓடுவது கோழிப்பண்ணைகளுக்கும் கிராமத்து ரோடுகளுக்கும். நான்கு ரன்பிளாட் வாங்கும் பணத்தில் ஐந்து சாதா டயரும் ஜாக்கியும் சின்னக் காற்று எந்திரமும் வாங்கி மிச்சமும் பார்க்கலாம். காற்றில்லாமல் ஓட்டிய ரன்பிளாட்டை ஒட்டுப் போட்டு மறுபடி ஓட்டுவதும் நல்லதல்ல, உள்சுவர் எவ்வளவு வெந்திருக்கிறது என்று வெளியே தெரியாது. ஆக, ஒரு முறை காப்பாற்றினால் அதன் ஆயுள் முடிந்தது.

ஆனால் என்னால் உடனே சரி என்று சொல்ல முடியவில்லை. தங்கை கேட்டாள், "அண்ணா, அன்னிக்கு நம்மள வீடு கொண்டாந்து சேத்தது அந்த டயருதான? சாதா டயரா இருந்திருந்தா?"

சாதா டயராக இருந்திருந்தால், ஸ்டெப்னி இருந்திருந்தாலும், அந்தச் சரிவில், அந்த இருட்டில், வளைவை ஒட்டி ஜாக்கி போட வேண்டியிருந்திருக்கும். அந்தச் சக்கரம் டயரும் டிஸ்குமாக முப்பது கிலோவுக்குக் குறையாது. எனக்கு எழுபத்தொன்று. மாப்பிள்ளை வாழ்நாளில் சக்கரம் மாற்றியதில்லை. மேலே வரும் பேருந்துக்கு நாங்கள் தெரிந்திருக்க வேண்டும். இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். என் நேர்மையான கருத்து இதுதான்: நிறுத்த இடமில்லாத மலைக்கு ரன்பிளாட் நல்லது, டயர் கிடைக்காத ஊருக்கு அது பாரம். ஒரே வண்டிக்கு இரண்டும் வேண்டும் என்றால் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும்.

கடைசியில் சாதா டயர் என்றே முடிவாயிற்று. சில நிபந்தனைகள் போட்டேன், இதே யோசனையில் இருப்பவர்களுக்குப் பயன்படலாம். நான்கையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். இரண்டு ரன்பிளாட், இரண்டு சாதா என்று கலந்தால் வளைவில் ஒரு பக்கம் மடியும், ஒரு பக்கம் மடியாது, வண்டி தடுமாறும். அளவுக்குப் பின்னால் 109 என்று ஓர் எண் இருக்கும். ஒரு டயர் 1030 கிலோ தாங்கும் என்று பொருள். அந்த எண்ணும் அதை ஒட்டிய வேக எழுத்தும் பழையதைவிடக் குறையக் கூடாது. ஒரு கடையில் 100 எண் போட்ட டயரை "இதே சைஸ்தான் சார்" என்று நீட்டினார்கள். அது 800 கிலோ. திருப்பிக் கொடுத்துவிட்டோம். டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். மூன்று வருடம் கடையில் கிடந்த டயரைப் புதுசு என்று வாங்கக் கூடாது. காற்றில்லாமல் ஓடிய டிஸ்கை எந்திரத்தில் சுற்றிப் பார்த்து நெளிவு இல்லை என்று தெரிந்த பிறகே டயர் ஏற்றினோம். பழைய காற்றழுத்தக் கருவிகளையே புதுடயரிலும் வைத்தாயிற்று.

ஸ்டெப்னிக்குத்தான் சண்டை. ஒல்லியான தற்காலிகச் சக்கரம் வாங்கினால் டிக்கியில் இடம் மிச்சமாகும் என்றான். நான்கு சக்கரத்துக்கும் எஞ்சின் விசை போகும் வண்டியில் ஒரு சக்கரம் மட்டும் சுற்றளவு குறைந்தால், மற்ற சக்கரங்களோடு ஒத்துச் சுற்ற முடியாமல் உள்ளே கியர்களுக்குச் சிரமம். மலையில் அதைச் செய்ய வேண்டாம் என்று பிடிவாதமாக நின்று முழு அளவுச் சக்கரமே வாங்க வைத்தேன். தரைப் பலகைக்கு அடியில் அது அடங்கவில்லை. டிக்கியில் படுக்கப்போட்டு, உருளாமல் பெல்ட் போட்டுக் கட்டினோம்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் அவனைச் சக்கரம் மாற்ற வைத்தேன். எதிர்ச்சக்கரத்துக்குக் கல் வைப்பது, வண்டி தரையில் இருக்கும்போதே நட்டுகளை லேசாகத் தளர்த்துவது, ஜாக்கியை அதற்கென்று உள்ள இடத்தில் மட்டும் முட்டுக் கொடுப்பது, எதிரெதிராக முடுக்குவது. முதல் முறை ஐம்பது நிமிடம். மூன்றாவது முறை இருபத்திரண்டு. சட்டையெல்லாம் கறை. அவன் மகள் வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டாள்.

தை மாதம் மறுபடியும் மலைக்குப் போனோம், தங்கை கேட்டதால். வண்டி முன்னைவிட மெத்தென்று ஏறியது என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றரை மணிக்கே இறங்கிவிட வேண்டும் என்று சொல்லியிருந்தேன், அப்படியே இறங்கினோம். டிக்கியை ஸ்டெப்னி அடைத்துக்கொண்டதால் வாங்கிய பலாப்பழத்தை வைக்க இடமில்லை. தங்கை காலடியில் வைத்துக்கொண்டு, மிளகுப் பையை மடியில் வைத்தபடி வந்தாள். நாற்பத்து மூன்று வந்ததும் மாப்பிள்ளையின் தோளைத் தட்டி, "நில்லு" என்றாள். அன்றைக்கு உரசிய கல் இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். இருந்தது. நானும் அவனும் இறங்கி, கம்பி கொண்டுவந்து நெம்பி, சரிவுப் பக்கம் இல்லாமல் மலைப் பக்கமாகத் தள்ளிவிட்டு வந்தோம்.